நூறு கஜத்துக்கு உள்ளே

பெங்களூருக்கு வந்த பிறகு எனக்குத் தூரம் எல்லாம் கஜத்தில்தான் தெரிகிறது. பொம்மசந்திராவில் நான் தங்கியிருக்கும் பி.ஜி. வாசலிலிருந்து முனையில் இருக்கும் பேக்கரி வரை நூறு கஜம். காலையில் அங்கே நின்றுகொண்டே டீ குடிக்கும்போது, தெருக்கோடியில் மருந்துக்கடைப் பலகையில் இருக்கும் சிவப்புக் கூட்டல் குறி கண்ணில் படும். இங்கிருந்து ஐந்து குண்டு சுட்டால் எத்தனை அங்குலத்துக்குள் விழும் என்று மனம் தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். பக்கத்தில் நின்று பன் தின்கிற பெண்ணுக்கு இது தெரிந்தால் டீயை வைத்துவிட்டு ஓடிவிடுவாள். என்னைப் பார்த்தால் அப்படித் தெரியாது. சுடிதார், முதுகில் பை, கழுத்தில் கம்பெனி அட்டை. ஊரில் இருந்தவரை திருவிழாவில் பலூன் சுடும் துப்பாக்கியைக்கூட நான் கையில் பிடித்ததில்லை.

என் வேலை அப்படி. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் உட்கார்ந்து, அமெரிக்க இணையதளம் ஒன்றுக்குக் கட்டுரை எழுதுகிறேன். எல்லாம் ஒரு வகை ரைஃபிளைப் பற்றி. பார்க்கப் பட்டாளத்துத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். விசையை அழுத்தும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு குண்டு போகும், அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். இங்கே சாதாரண ஆள் யாரும் அதை வைத்துக்கொள்ள முடியாது. அங்கே பல ஊர்களில் கடையில் தொங்குகிறது. அவற்றில் விலை மலிவான ஐந்தை எடுத்து, எது நேராகச் சுடுகிறது என்று ஒப்பிட்டு, வரிசை போட்டுக் கொடுக்க வேண்டும். சுடுவதற்கு அங்கே ஆள் இருக்கிறார்கள். நூறு கஜத்தில் வைத்துச் சுட்ட காகிதங்களைப் படம் எடுத்து அனுப்புவார்கள். நான் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே அளப்பேன். ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கினால் அது உசத்தி. உள்ளங்கை அகலத்துக்குப் பரவினால் மலிவுச் சரக்கு. மலிவு விலையில் காசுக்குள் அடங்குவது எது என்பதுதான் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. கட்டுரைக்கு மேலே என் பெயர் இருக்காது. ஜேக் என்று தாடி வைத்த ஒருவனின் படம் இருக்கும். முன்னாள் ராணுவ வீரனாம். அந்த ஜேக் நானும் என்னோடு உட்காரும் இன்னும் மூன்று பெண்களும்தான். மாதாமாதம் அவனுக்கு வயிற்றுவலி வருவது வாசகர்களுக்குத் தெரியாது.

ஒரு முறை ஆட்டோக்காரர் ஒருவர் என்ன வேலை என்று கன்னடத்தில் கேட்டார். அப்போது வந்த புதிது. எனக்குத் தெரிந்த நாலு கன்னட வார்த்தையில் 'ரைஃபிள்' என்பதைச் சேர்த்துச் சொல்லிவைத்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "மிலிட்ரினா மேடம்?" என்றார். இல்லை என்று விளக்க எனக்கு மொழி போதவில்லை, தலையாட்டிவிட்டேன். அதுவரை பேரம் பேசிய மனிதர் உடனே மீட்டரைப் போட்டார். இறங்கும்போது ஒரு சல்யூட்டும் அடித்தார். பெங்களூரில் ஆட்டோவில் மீட்டர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வீட்டில் மட்டும் என்னவாம்? நான் விளையாட்டுச் சாமான் பற்றி எழுதுவதாகத்தான் வாணியம்பாடியில் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்பவர்களிடம் பேட், பந்து என்று விளக்கமும் சொல்கிறாள். உண்மை தெரிந்தது கவிதா அக்கா ஒருத்திக்குத்தான்.

அக்கா அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறாள். கல்யாணமாகிப் போகும்போது பெங்களூர் விமான நிலையத்தில்தான் வழியனுப்பினோம். எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பெங்களூர் என்பது ஒரு ஊரே இல்லை, ஏரோப்ளேன் ஏறுகிற இடம். வேன் பிடித்து, புளிசாதம் கட்டி, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டிவிட்டு, வரும் வழியில் ஓசூரில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். அக்கா சின்ன வயதில் பெரிய பயந்தாங்கொள்ளி. எங்கள் தெருவில் குடியிருந்த பேங்க் வாட்ச்மேன் இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து போவார். பையன்கள் அவர் பின்னாலேயே ஓடி, "குண்டு இருக்கா மாமா?" என்று கேட்பார்கள். அக்கா மட்டும் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுவரோரமாக நிற்பாள். அவர் ஒருநாளும் அதைச் சுட்டதில்லை. துப்பாக்கி என்றால் எங்களுக்கு அவ்வளவுதான்: தெருவுக்கே ஒன்று, அதுவும் சுடாது.

ஜேக்கைப் பற்றி அக்காவிடம் சொன்ன அன்று, தாடிப் படத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று இப்போது தோன்றுகிறது. பிறகு மாமாவுக்கு வேலை போனது. அக்கா புருஷனை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், அதிர்ந்து பேசாதவர். வேலை போனதும் இருந்த கொஞ்சப் பேச்சும் நின்றது. கார் நிறுத்தும் அறையில் போய் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார், கதவைத் தட்டினால்தான் வருகிறார் என்று அக்கா சொன்னாள். டாக்டரிடம் போகலாம் என்றால், வேலையோடு இன்ஷூரன்ஸும் போய்விட்டது என்கிறாராம். இங்கே வந்துவிடேன் என்றேன். "எங்கடி வர்றது? வாணியம்பாடிக்கா? அம்மா மூஞ்சியப் பார்த்து என்ன சொல்லுவாரு அவரு?" என்று கேட்டாள். அங்கே ஒரு நாடு முழுக்க இருந்தும் அவர்களுக்குப் போக ஓர் இடம் இல்லை.

ஒருநாள் நான் ஆபீஸில் இருக்கும்போது அக்கா கூப்பிட்டாள். படிக்கட்டுப் பக்கம் போய்ப் பேசினேன்.

"நித்தி, அவரு துப்பாக்கி வாங்கப் போறாருடி. ஒரு வாரமா உங்க தாடிக்காரன் பக்கத்தைத்தான் படிச்சிட்டிருக்காரு. லேப்டாப்ல பார்த்தேன்."

"எதுக்குக்கா?"

"கேட்டா பாதுகாப்புக்குன்னாரு. நேத்து வரைக்கும் பூட்டாத வீடு இது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவரு என்னை ஒண்ணும் பண்ண மாட்டாரு. தன்னையே ஏதாச்சும் பண்ணிக்குவாரோன்னுதான் பயமா இருக்கு."

எங்கள் பட்டியலில் முதலில் இருப்பதைத்தான் மாமா குறித்துவைத்திருந்தார். இணையத்தில் தேடினால் எங்கள் பக்கம்தான் மேலேயே வரும், அவர் கண்ணில் பட்டதில் அதிசயம் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலை அளந்து எழுதிய கை என்னுடையது. காசுக்குள் அடங்கிய ஐந்து ஓட்டையைப் பார்த்து, 'இந்த விலைக்கு இப்படி ஒன்று கிடைப்பது அதிர்ஷ்டம்' என்று எழுதியது நான். அக்காவுக்கு ஒரு யோசனை இருந்தது. அது சரியில்லை, குறி விலகுகிறது என்று மாற்றி எழுதிவிடு, படித்தால் விட்டுவிடுவார் என்றாள். நான் சொன்னேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே என்றும் கேட்டுக்கொண்டாள். எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. ஊரில் ஒரு வரனைத் தட்டிக்கழிக்க என்ன செய்வோம்? பையன் சரியில்லை என்று காதில் போட்டுவைப்போம். கல்யாணமே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அதே புத்தியைத்தான் துப்பாக்கிக்கும் பயன்படுத்தினோம்.

பொய் எழுதத் தேவை இருக்கவில்லை. எந்தத் துப்பாக்கிக்கும் நாலு பேர் குறை சொல்லியிருப்பார்கள். தொடர்ந்து சுட்டால் குழல் சூடாகி ஓட்டைகள் பரவுகின்றன என்று வாங்கியவர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். கடைசியில் கிடந்த அதை எடுத்து முதல் பத்தியில் வைத்தேன், முதலாவதை மூன்றாம் இடத்துக்கு இறக்கி, முதல் இடத்தைக் காலியாக விட்டேன். எங்கள் டீம் லீட் ஸ்டெல்லா பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தாள். ஸ்டெல்லா பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த மர்பி டவுன்காரி, வீட்டில் தமிழ்தான். சேர்ந்த புதிதில் அவளிடம் சொந்த ஊர் எது என்று கேட்டேன். "இதுதான்" என்றாள். இல்லை, சொந்த ஊர் என்று திரும்பக் கேட்டதற்கு, "இதுதான் மா, வேற எங்கன்னு சொல்லணும்?" என்று முகம் சுளித்தாள். அதிலிருந்து அவளிடம் கொஞ்சம் அடக்கியே பேசுவேன்.

"ஏன் மா, நம்பர் ஒன்னு கீழ போயிடுச்சு?"

"வாங்கினவங்க குறை சொல்றாங்க ஸ்டெல்லா. சூடானா குறி விலகுதாம்."

"இர்லி பிடு, இருக்கட்டும் விடு, தப்பில்ல. ஆனா மேல எதையாவது தூக்கி வை. நம்பர் ஒன்னு இல்லாம பேஜ் போகாது."

"எதுவும் வேணாம்னு எழுதினா?"

அவள் நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். "வேணாம்னு சொல்றதுக்கு யாரு மா நம்மகிட்ட வருவாங்க?"

விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பக்கத்தையே எடுத்துவிடவா போகிறார்கள் என்று நினைத்தேன். அக்கா வீட்டுக் கதையை ஆபீஸில் பரப்பவும் மனமில்லை. இரண்டாவதாக இருந்ததை மேலே ஏற்றிவைத்தேன். அதன் விலை கொஞ்சம் கூட. அதனாலேயே மாமா வாங்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. அந்த வாரக் கடைசியில் மாமாவுக்குச் சும்மா போன் செய்வது மாதிரி செய்தேன். பெங்களூர் டிராஃபிக் எப்படி இருக்கிறது, மழை உண்டா என்றெல்லாம் கேட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு குரலில் தெம்பு இருந்தது.

"ரெண்டு பேரும் பத்திரமா இருக்கீங்களா மாமா?" என்று கேட்டேன். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"பத்திரத்துக்கு என்ன குறைச்சல்? இனிமே இன்னும் பத்திரம்" என்றார்.

அவர் வாங்கிவிட்டார். அக்கா அடுத்த நாள் சொன்னாள். இரண்டாவதாக இருந்து நான் முதலிடத்துக்கு ஏற்றியதையே வாங்கியிருந்தார். எங்கள் பக்கம் மாறியதை அவர் கவனித்தாராம், அக்காவைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தாராம். "இந்த ஆளு நேர்மையான ஆளு கவிதா. முன்னாடி நல்லாருக்குன்னு எழுதினதையே இப்போ சரியில்லன்னு மாத்தியிருக்கான் பாரு. இவன் சொன்னா நம்பலாம்" என்றாராம். அதுவரை ஜேக்கை அரைகுறையாக நம்பியவர், நான் திருத்தியதைப் பார்த்துத்தான் முழுசாக நம்பியிருக்கிறார். "அந்த ஜேக் என் தங்கச்சின்னு சொல்லிடலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சுடி" என்றாள் அக்கா. "சொன்னா வேலை போன மனுசன், என்னைச் சுத்தி எல்லாரும் நடிக்கறாங்கன்னு நினைச்சுக்குவாரு. விட்டுட்டேன்." பூட்டுப் பெட்டியில்தான் வைத்திருக்கிறாராம். சாவி யாரிடம் என்று கேட்டேன். அவரிடம்தான்.

அன்று என் மேசையில் உட்கார்ந்து அந்த ஐந்து காகிதப் படங்களையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காசுக்குள் அடங்கியது, எலுமிச்சம்பழ அளவு, உள்ளங்கை அளவு. இரண்டு வருஷமாக இந்த வித்தியாசத்தை அளந்துதான் சம்பளம் வாங்குகிறேன். அக்கா வீட்டில் கூடத்துக்கும் கார் நிறுத்தும் அறைக்கும் நடுவே பத்துப் பதினைந்து காலடி தூரம் இருக்கும். தனியாக உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு அந்தத் தூரமும் இல்லை. அங்கே முதலாவது, மூன்றாவது என்று எதுவும் கிடையாது. ஐந்தும் ஒன்றுதான், எதுவும் குறி தவறாது. இதை எழுத எங்கள் பக்கத்தில் ஒரு கட்டம் இல்லை. எனக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல் இருந்தது. நான்காவது மாடியில் அதற்கும் இடம் இல்லை, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏதோ கம்பெனி ஆட்கள் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையை விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். நான் போனால் மற்ற மூன்று பேர் ஜேக்காக இருப்பார்கள். அங்கே பெட்டிக்குள் இருப்பது அப்படியேதான் இருக்கும்.

மாமாவின் நண்பர் ஒருவர் அதே ஊரில் இருக்கிறார். அவரிடம் அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் கெஞ்சித்தான் சொல்ல வைத்தேன். அவர் அடிக்கடி வந்து மாமாவோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார். பெட்டியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டதற்கு, மாமா சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டாராம். வேறு என்ன செய்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். அவர்களுக்கு விடிந்ததும் அக்கா எனக்கு ஒரு செய்தி அனுப்புவாள். 'ரெண்டு பேரும் எழுந்தாச்சு.' அவ்வளவுதான். அது வரும்போது எனக்கு இங்கே வேலை முடிந்து சாயங்காலமாகியிருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் ஊருக்குப் போவேன். பொம்மசந்திரா நிறுத்தத்தில் ஓசூர் ரோட்டில் நின்றால் வேலூர் வண்டி கிடைக்கும், வாணியம்பாடியில் இறங்கிவிடலாம். நாலு மணி நேரப் பயணம்தான். இப்போதெல்லாம் அந்தச் செய்தி வராமல் என்னால் ஏற முடிவதில்லை. பஸ்ஸில் ஏறிவிட்டால் அம்மா வீட்டில் போய்த்தான் இறங்க வேண்டும். அக்கா எப்படி இருக்கா என்று அவள் வாசலிலேயே கேட்பாள். இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறேன். தமிழ்நாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் என் பையைப் பார்த்துவிட்டு, "ஊருக்குத்தானம்மா? ஏறு, சீட்டு இருக்கு" என்றார். அடுத்த வண்டியில் வருகிறேன் என்றேன். அடுத்த வண்டி வந்தது, அதுவும் போய்விட்டது. போன் கையிலேயே இருக்கிறது. அங்கே இன்னும் விடிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இந்நேரம் விடிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.