அடுப்பில் ஏற்றியவர் இறக்காத எண்ணெய்

அப்பாவின் நினைவு மலருக்காக அச்சகத்திலிருந்து வந்த படியை விரித்துவைத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். ‘தாய்மொழிக்காகத் தம் வேலையைத் துறந்தவர் எங்கள் தந்தையார்’ என்று ஒரு வரி. நான் எழுதியதுதான். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அப்போது அம்மா தாளிக்கப் போய்ச் சட்டியில் எண்ணெய் கரிந்துவிட்டது. அந்த நெடி முன்னறைக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. அப்பா இருந்திருந்தால் எழுந்து வெளியே போயிருப்பார். ஏன் போவார் என்பது அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். உறவினர்களாகிய உங்களுக்குத் தெரியாது. அவர் நினைவாக அச்சடித்த தாளையே ஒரு பொய்யோடு உங்கள் கையில் கொடுக்கப்போகிறோமே என்று கூச்சமாக இருந்தது. வரியை அடித்தேன். அடித்த இடத்தில் எழுதியது இது.

அப்பா பிறந்தது பாறசாலைக்குத் தெற்கே, ஒரு சின்ன விளைத் தோட்டத்தில். தந்தையாரை இளமையிலேயே இழந்தார். நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் பேர்பெற்ற மலையாள வைத்தியர் ஒருவரின் வீட்டுக்கு விறகு கொண்டுபோகத் தொடங்கி, அங்கேயே மருந்து காய்ச்சும் கொட்டகையில் வேலைக்கு நின்றார். திருமணத்துக்கு முன்நின்றவரும் அந்த வைத்தியர்தான். நான் பிறந்தபோது அம்மாவுக்குப் பேற்று மருந்தெல்லாம் அங்கிருந்துதான் வந்தது. அப்பா அதிர்ந்து பேசமாட்டார். யார் வீட்டிலும் வெறுங்கையோடு நுழையமாட்டார். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை.

அந்தக் கொட்டகையில் ஒரு முறை உண்டு. தைலத்தை அடுப்பில் ஏற்றியவர்தான் இறக்க வேண்டும். நாள்கணக்கில் காயும் தைலம் அது. அடியில் கிடக்கும் மருந்து விழுதை எடுத்து விரலில் உருட்டினால் மெழுகுபோலத் திரள வேண்டும். அந்த நேரத்தில் இறக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் மணலாக உதிரும், மருந்து கெட்டது. முதல் நாளிலிருந்து அதன் மணத்தோடு இருந்தவருக்குத்தான் அந்த நேரம் பிடிபடும் என்பதால் நடுவில் கைமாற்ற மாட்டார்கள். காய்ச்சல் வந்தால்கூட அப்பா கொட்டகையிலேயே படுத்துக்கொள்வார்.

பிறகு எல்லைப் போராட்டம் வந்தது. திருவிதாங்கூரில் இருந்த தமிழ்ப் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம், கடையடைப்பு, தடியடி. எனக்கு அதில் கொள்ளை ஆசை. பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு துண்டறிக்கை எழுதினேன், பெண்களைத் திரட்டினேன், கடைக்காரரிடம்கூட மலையாளம் பேசமாட்டேன் என்று அடம்பிடித்தேன். ஒரு கடையடைப்பு நாளில் ஊர்வலம் வைத்தியர் வீட்டைக் கடந்தபோது அப்பா கொட்டகையைவிட்டு இறங்கி வந்து கூட்டத்தோடு நடந்தார். திரும்பிப் போகவில்லை. சில நாள்களில் குழித்துறையில் தமிழர் ஒருவர் புதிதாகத் தொடங்கிய மருந்துசாலையில் சேர்ந்தார்.

ஊரே கொண்டாடியது. ஒரு கூட்டத்தில் அப்பாவை மேடைக்கு இழுத்து மாலை போட்டார்கள். மொழிக்காக வேலையை உதறிய தியாகி என்று சித்தப்பா ஒலிபெருக்கியில் முழங்கினார். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அப்பா தலையைத் தூக்கவில்லை. அடக்கம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் மாலையைக் கழற்றி மாட்டுக்குப் போட்டுவிட்டார்.

வைத்தியரோ, கேட்டவர்களிடமெல்லாம், “ஞான் பறஞ்ஞிட்டாணு அவன் போயது” என்று சொல்லிவிட்டாராம். தாமேதான் போகச் சொன்னாராம். அதைக் கேட்டுச் சித்தப்பா சிரித்தார். “மலையாளத்தான் மானத்தைக் காக்க வழி பாக்கியான்” என்றார்.

எல்லை பிரிந்தபோது குழித்துறை தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. பாறசாலை இந்தப் பக்கம், கேரளத்திலேயே நின்றுவிட்டது. அப்பா நாள்தோறும் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வேலைக்குப் போய்வந்தார். அவருடைய குழித்துறைச் சம்பளத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்து, நான் இந்தப் பக்கமே குளத்தூரில் ஒரு பள்ளியில் தமிழ் வகுப்புக்கு ஆசிரியையானேன். அங்கே தமிழ் சொல்லிக்கொடுக்க என்னைவிட்டால் ஆளில்லை.

அப்படியிருக்க, மார்த்தாண்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் என்னைக் கூப்பிட்டார்கள். சம்பளம் கூடுதல், நூலகம் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக அது தமிழ்நாடு, நம் பக்கம். உடனே வரச் சொன்னார்கள். நான் அன்றைக்கே போயிருப்பேன். ஆனாலும் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டேன்.

“பிள்ளையளுக்குப் பரீட்சை எப்போ?” என்றார்.

“மார்ச்சில.”

“அப்போ அடுப்பு எரியுது, இல்லியா?”

எனக்குப் புரியவில்லை. அதன்பிறகுதான் சொன்னார். குழித்துறைக்காரர் கூடுதல் சம்பளம் சொல்லி அனுப்பிப் பல நாள்கள் ஆகியிருந்தன. வைத்தியரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அப்பாவுக்கு நா எழவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஊர்வலம் வந்தது. கூட்டத்தோடு நடந்துவிட்டால் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். அப்பா ஏற்றிய தைலம் அன்று அடுப்பில் இருந்தது. இறக்கும் பதத்துக்கு வரும் நாள். கள்ளிக்காடு என்ற ஊரிலிருந்து வந்து, வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோய்ப் படுத்திருந்த ஒரு பெண்மணிக்கான தைலம் அது. வைத்தியர் ஓடிவருவதற்குள் கரிந்துவிட்டது. திரும்பவும் மூலிகை சேர்த்துக் காய்ச்சி முடிக்கும்வரை அந்த அம்மாள் அப்படியே கிடந்தாராம்.

“தமிழுக்காக எறங்கினேன்னு ஊரு சொல்லுது. நான் மறைஞ்சு போக எனக்கு ஒரு கூட்டம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் ஆக்கும்” என்றார். “அவரு என்னைக் குத்தம் சொல்லியிருந்தாக்கூட நல்லாயிருந்திருக்கும். தான் அனுப்பினதா சொல்லிப்போட்டாரு. அந்த வினை இன்னும் தீரல்ல.”

அம்மா அடுக்களை வாசலில் நின்றார். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தியாகியின் மகள் என்று பெருமையோடு திரிந்தவள் நான் ஒருத்திதான்.

தாங்க முடியாமல் எதிர்வாதம் செய்தேன். “வினையாவது ஒண்ணாவது அப்பா! உங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு? சம்பளம் கூடிச்சு, வீட்டுக்கு ஓடு போட்டாச்சு, நான் படிச்சேன்.”

“அதாக்கும் மக்களே எனக்குப் பயம்” என்றார். “ஒண்ணும் கெடல்ல. கெட்டிருந்தா, கழிஞ்சுதுன்னு இருந்திருப்பேன். என் வினையில வந்த காசில உன்னைப் படிக்கவச்சிருக்கேன்.”

பிறகு, “வேலை மாறப்பிடாதுன்னு நான் சொல்லல்ல. எறக்கி வச்சிட்டுப் போ. முகத்தைப் பாத்துச் சொல்லிட்டுப் போ” என்றார்.

மார்த்தாண்டத்துக்கு நான் போகவில்லை. என் நல்ல குணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்; அந்த மாதமே அப்பா படுத்துவிட்டார். கால்கள் வீங்கின. எப்படிக் கேள்விப்பட்டாரோ, வைத்தியர் ஒரு குப்பித் தைலம் அனுப்பினார். அப்பா அதைத் திறந்து முகர்ந்தார், விரலில் தொட்டுப் பார்த்தார், யார் இறக்கியது என்று கொண்டுவந்த ஆளிடம் கேட்டார். “வைத்தியருதான். இப்போ வேற ஆரையும் அடுப்புக்கிட்ட விடமாட்டாரு” என்றார் அவர். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நடக்க முடிந்ததும் முதலில் அங்கே போக வேண்டும் என்று மறுநாள் சொன்னார். நடக்க முடியவே இல்லை. அந்தத் தைலத்தை நானும் அம்மாவும் தேய்த்துவிட்டோம். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. குப்பி தீர்வதற்குள் போய்விட்டார்.

இதுவரை எழுதியதைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “செத்தவனை எதுக்கு ஏட்டி மேடையிலேருந்து எறக்குற? உன்னைப் படிக்கவச்சது இதுக்கா?” என்று கோபப்பட்டார். அம்மாதான் பதில் சொன்னார்: “அவரு ஏறவே இல்லியே. நீங்க எல்லாரும் சேந்து ஏத்தினீங்க.” சித்தப்பா எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் வந்து, மலருக்குத் தாளும் அட்டையும் தன் செலவு என்றார்.

அப்பா படுத்திருந்தபோது முறைவைத்துப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், மழையென்று பாராமல் பூவாரிலிருந்து வந்து இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த அம்மாவின் உறவினர்களுக்கும், குழித்துறை மருந்துசாலைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ஒருவருக்கு மட்டும் அச்சில் நன்றி சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அவர் தமிழ் வாசிக்கமாட்டார்.

மார்த்தாண்டத்தில் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த ஆண்டுப் பரீட்சை முடிந்துவிட்டது, பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். ஆனிமாதம் போகிறேன் என்று குளத்தூர்த் தலைமையாசிரியரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அதற்கு முன் இரண்டு முறை அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். இவ்வளவு சின்ன காரியத்துக்கு அஞ்சியா அப்பா ஓர் ஊர்வலத்துக்குள் ஒளிந்தார் என்று இனி நான் கேட்கமாட்டேன்.

திதி முடிந்த மறுநாள் இந்த மலரையும் அந்தக் குப்பியையும் எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் போகிறேன். அம்மாவும் வாறேன் என்றிருக்கிறார். இதில் எழுதியிருப்பதை வைத்தியருக்கு மலையாளத்தில் நான் வாசித்துச் சொல்ல வேண்டும். பேசமாட்டேன் என்று அடம்பிடித்த காலத்திலும் மலையாளம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடுதான். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் நேற்றிலிருந்து இரண்டு மொழியிலும் எனக்கு வரவில்லை. நெய்யாற்றின்கரை போய்ச் சேர்வதற்குள் பேருந்தில் இன்னும் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும்.