இறங்காத தோள்

மன்னார்குடியில் நான் ஃபிசியோதெரபி கிளினிக் வைத்துப் பதினோரு வருஷமாகிறது. இன்னமும் பாதிப் பேர் "இங்க மசாஜ் பண்ணுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். முன்பெல்லாம் சண்டைக்குப் போவேன். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு படுக்கச் சொல்லிவிடுகிறேன். ராஜாங்கம் அப்படிக் கேட்கவில்லை. அவர் எதையுமே கேட்கவில்லை.

ஐம்பத்தெட்டு வயது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். பத்தொன்பது வயதில் லாரிக்குத் தோள் கொடுக்க ஆரம்பித்தவர், குறுவை, சம்பா என்று ஒரு பருவத்தையும் விட்டதில்லை. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்ததும் கூரை வீட்டை ஓட்டு வீடாக்கியதும் அந்தத் தோள்தான். தை மாதம் ஒரு காலையில் அவர் மனைவி காத்தாயி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"நெஞ்சுலேர்ந்து தோள் வரைக்கும் இடது பக்கமா இழுக்குதுன்னு சொல்றாருங்க. தஞ்சாவூருக்குப் போயி ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாச்சு. இதயத்துல ஒண்ணும் இல்லயாம். சதைதான்னு உங்ககிட்ட அனுப்பினாங்க."

காறை எலும்புக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினேன்.

"வலிக்குதாங்க ஐயா?"

"உசுரு போவுது டாக்டரம்மா."

"அப்ப நல்லதுதான். உங்களைப் படுத்துறது சதை. சதைன்னா என் கைக்கு அடங்கிடும்."

காத்தாயி சிரித்தார். ராஜாங்கம் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன். அவருடைய இடது தோள் வலதைவிட இரண்டு விரற்கடை மேலே நின்றது. மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தோள் கீழே சரியும், மேலே ஏறாது. நடக்கச் சொன்னேன். அடியை அளந்து அளந்து வைத்து, பக்கத்தில் யாரோ ஒருவருடன் ஒத்து நடப்பதுபோல் நடந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். வலி குறைக்கும் மெஷின் வைத்தேன். வாசல் நிலையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, ஒரு காலை முன்னால் வைத்து நெஞ்சை விரிக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். தப்பாமல் செய்தார். தோள் இம்மியும் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது அயர்ந்து தூங்கிவிட்டார். பட்டப்பகல், பதினொன்றரை மணி. தூக்கத்திலேயே அவர் இடது கை மெல்ல எழுந்து, தோளுக்கு மேலே எதையோ வளைத்துப் பிடித்துக்கொண்டது. ஒரு மூங்கில் கழி பிடிக்கும் அளவுக்கு விரல்கள் இடைவெளி விட்டிருந்தன. கையை இறக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

எழுந்ததும் கேட்டேன். "ஐயா, கடைசியா என்ன தூக்கினீங்க?"

"எங்க அக்கா வீட்டுக்காரரை" என்றார்.

அவர் மச்சான் ரெத்தினம் ஐப்பசி அடைமழையில் இறந்துபோனார். காலையில் வயலில் விழுந்து கிடந்தவரை ஊரில் ஊசி போடுகிறவர் ஒருவர் கையைப் பிடித்துப் பார்த்து, "முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மழை வலுப்பதற்குள் எரித்துவிட வேண்டும் என்று மூன்று மணிக்கே பாடை கிளம்பியது. அந்த ஊர்ச் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. வரப்பில் நடந்து, இடுப்பளவு தண்ணீரில் வாய்க்காலைத் தாண்ட வேண்டும். நிலாவுக்கு ராக்கெட் விடுகிற நாட்டில் ஒரு பிணம் வாய்க்காலைத் தாண்டப் பாலம் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் கொஞ்சம்கூட அவருக்கு இல்லை. அவர் கவலை வேறு.

"முன்னால இடது தோள் நான் கொடுத்தேன். நடு வாய்க்கால்ல நிக்கிறப்ப மேல பாடையில துள்ளுச்சுங்க. சாக்குக்குள்ள போட்ட விரால் துள்ளுமே, அப்படி. ரெண்டு தரம்."

"நீங்க சொல்லலையா?"

"அங்க வச்சுச் சொன்னா பயத்துல தண்ணியில போட்டுருவானுங்க. அக்கரைக்குப் போயிச் சொல்லுவோம்னு நெனச்சேன். அக்கரைக்குப் போனா அசைவில்ல. அக்கா வளையலெல்லாம் ஒடச்சாச்சு. கட்டை அடுக்கியாச்சு. வாய் வரல டாக்டரம்மா." என் முகத்தைப் பார்த்தார். "உசுரோட கொளுத்திட்டனா?"

கையைக் காலைப் பிடிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கேட்டுவிட்டார், நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

பத்துக் கிலோ மணல் பையை அவர் இடது தோளில் வைத்து, கையை மேலே தூக்கிப் பிடித்து நிற்கச் சொன்னேன். ஏற்கெனவே இறுகிக் கிடந்த சதை. நாலாவது நிமிஷம் தோள் தானாகத் துடித்தது. அவருடைய வலது கையை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

"பாருங்க. துள்ளுதா?"

"துள்ளுது."

"அசைஞ்சது அவர் இல்லீங்க. களைச்சுப்போன உங்க சதை. குளிர்ந்த தண்ணியில, அத்தனை பாரத்தோட நின்னா துள்ளத்தான் செய்யும்."

நான் சொன்னது படித்த படிப்புக்குப் பொய் இல்லை. ஆனால் அன்று வாய்க்காலில் நடந்ததும் அதுதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவள்போல் அடித்துச் சொன்னேன். மனிதர் குழந்தைபோல் அழுதார். அழ அழ அந்தத் தோள் என் கைக்குக் கீழே மெல்ல இறங்கியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. பத்தே நாளில் வலி போய், மாசி அறுவடைக்கு மறுபடி மூட்டை தூக்கப் போனார். என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

பங்குனியில் வீரையன் என்று ஒருவர் வந்தார். ராஜாங்கத்தின் ஊர், அதே கொள்முதல் நிலையத்து ஆள். வலது பக்கம் நெஞ்சும் தோளும் வலி. சட்டையைக் கழற்றினார். வலது தோள் இரண்டு விரற்கடை மேலே நின்றது.

"ரெத்தினத்தைத் தூக்கினப்ப பின்னால வலது தோள் நான்தாங்க. வாய்க்கால்ல எனக்கும் துள்ளுச்சு."

அவர் தோளில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டேன். முதலில் எனக்கு நினைவுக்கு வந்தது ராஜாங்கம்தான். இறங்கிய தோள் மறுபடி ஏறிவிடுமே.

"இதை ராஜாங்கம் ஐயாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"அவருக்குத் தெரியுமே. சுடுகாட்டுலேர்ந்து திரும்புறப்பவே ரெண்டு பேரும் சொல்லிக்கிட்டோம். அவர்தாங்க என்னை இங்க அனுப்பினாரு. 'டாக்டரம்மா ஒண்ணு சொல்லும். அதை அப்படியே நம்பிடு. தூக்கம் வரும்'னாரு."

என் கண் மூலையில் கிடந்த மணல் பைக்குப் போனது.

"சொல்லுங்க டாக்டரம்மா" என்றார் வீரையன். "நம்பத்தான் வந்திருக்கேன்."

சொன்னேன்.