அடுத்தவர் முறை

பெரியப்பா மோட்டார் ரூம் சாவியைக் கிணற்றுச் சுவரின்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவர் வரப்பைத் தாண்டிய பிறகுதான் பங்காளி வீட்டுக்காரர் வந்து அதை எடுத்துக்கொண்டார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருடம் ஆகிறது. நல்லது கெட்டதுக்குக்கூடப் போவதில்லை. ஆனால் கிணறு பொதுக் கிணறு. சில நாள் இவர்கள், சில நாள் அவர்கள். முறை மாறுகிற காலையில் சாவி சுவருக்கு வந்துவிடும். ஒருவர் முறையில் மற்றவர் கிணற்றுப் பக்கம் எட்டிப் பார்ப்பதுகூட அசிங்கம்.

வேலை செய்கிற சேலத்திலிருந்து இரண்டு நாள் லீவில் ராசிபுரம் வந்திருந்தேன். பல் துலக்கிக்கொண்டே இதைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். அன்றைக்குத்தான் மண்டையில் பளிச்சென்றது. பேச்சே இல்லாத இரண்டு வீடு ஒரு கிணற்றை ஓட்டுகிறது. நாள் முழுக்கப் பேசிக்கொள்ளும் எங்கள் நாலு பேரால் ஒரு மென்பொருளை ஓட்ட முடியாதா? வாயைக் கொப்பளிக்கவில்லை. அதற்குள் போனை எடுத்துக் குழுவில் தட்டிவிட்டேன்: “முறை வச்சுக்கலாம். மூணு மாசத்துக்கு ஒருத்தர்.”

அந்த மென்பொருள் சின்னக் கோழிப்பண்ணைக்காரர்களுக்கானது. தீவனம், முட்டை, செத்த கோழி என்று தினமும் எழுதி வைக்கலாம். எந்த வயதில் எந்தத் தடுப்பூசி என்பதை அதுவே நாள் பார்த்துச் சொல்லும். எல்லாம் தமிழில். கட்டற்ற மென்பொருள் என்பதால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், நிரலைப் பிரித்துப் பார்க்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். அனுப்பியதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க மட்டும் ஒரு ஆள் வேண்டும். ஆரம்பத்திலிருந்து அந்த ஒரு ஆள் நாமக்கல் அண்ணன்தான். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை பார்ப்பார். அதற்கு முன்னும் பின்னும் இது. விடிவதற்குள் பண்ணைக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு போனைக்கூட விட்டுவிட மாட்டார்.

அந்த வருடம் சித்திரையில் குளியலறையில் விழுந்தார். ரத்த அழுத்தம். வாய் ஒரு பக்கமாகக் கோணி, சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. டாக்டர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, இது எச்சரிக்கை, அடுத்த முறை கோணினால் திரும்பாமல் போகலாம், ஒரு வேலையை விடச் சொல்லுங்கள் என்றாராம். சம்பளம் வருகிற வேலையை விட முடியாது. ஆக, எங்களுக்கு இருந்த கேள்வி ஒன்றுதான். அவர் கையிலிருந்து இதை வாங்கிக்கொள்ள நாங்கள் மூன்று பேர் தேறுவோமா?

மூன்று பேரில் நான் ஒருவன். இன்னொருவர் செவ்வாய்ப்பேட்டை அக்கா. மொத்த மளிகைக் கடைக்கு மருமகளாகப் போய், கடைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போன இடத்தில் நிரல் எழுதவே கற்றுக்கொண்டவர். மூன்றாவது என் கல்லூரித் தோழன், திருச்செங்கோட்டுக்காரன். வீட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி ஓடுகிறது. எங்களில் வேகமாக எழுதுகிறவன் அவன்தான்.

நாமக்கல்லில் ஒரு பேக்கரியில் கூடினோம். அண்ணனோடு அண்ணியும் வந்திருந்தார். ஹாஸ்டல் பள்ளிக்கூடம் ஒன்றில் இயற்பியல் டீச்சர். எங்களையும் மாணவர்களைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்.

“அப்ப நான் என்னடா பண்றது?” என்றார் அண்ணன்.

“சும்மா இருங்கண்ணா.”

“அதத்தான் டாக்டரும் சொன்னாரு. அவரு பீஸ் வாங்கிட்டுச் சொன்னாரு, நீ தேங்காப் பன்னத் தின்னுட்டுச் சொல்ற.”

“மாப்ளே, மொத முறை யாருக்கு? சீட்டுக் குலுக்கிப் போடுவமா?” என்றான் ரிக்காரன்.

“குலுக்கவும் வேணாம், சுத்தவும் வேணாம். நானே எடுத்துக்கறேன்,” என்றார் அக்கா. “ஆடி மாசம் கல்யாண லிஸ்டு வராது. கடையில ஈ ஓட்டறதுக்கு இதையாவது ஓட்டலாம்.”

அண்ணி டீயைத் தள்ளி வைத்தார். “யாரு வேணா ஓட்டுங்க. இவருக்கு ஊட்டுல சோறு ஆறாம இருந்தாப் போதும்.”

விதிகளை நான்தான் எழுதினேன். மளமளவென்று, அந்த மேஜையிலேயே. முறையில் இருப்பவர் முடிவே முடிவு. மற்றவர்கள் நடுவில் புகக் கூடாது. அண்ணனை நிஜமாகவே ஒதுக்கி வைக்க வேண்டுமென்றால் இது வேண்டும் என்று வாதாடினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் எல்லாருக்குமே எங்கோ ஒரு பொதுக் கிணறு உண்டு. யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அக்காவின் முறை நன்றாகப் போயிற்று. அடுத்தது என் முறை. அந்த மூன்று மாதத்தில் என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் சேர்த்த ஒரு திருத்தத்தையும் யாரும் மறுக்கவில்லை. ஏறக்குறைய மிதந்துகொண்டிருந்தேன். அண்ணன் காலையில் நடக்கப் போகிறார், உப்பைக் குறைத்திருக்கிறார், ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று அண்ணியே போன் செய்து சொன்னார். இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசப் போகிறேன் என்றுகூட நண்பர்களிடம் அளந்துகொண்டிருந்தேன்.

பிறகு ரிக்காரன் முறை வந்தது. அவன் வந்த வேகத்தில், வீட்டைக் கழுவிவிடுவதுபோல மென்பொருளைக் கழுவ ஆரம்பித்தான். பழைய திரைகளைத் தூக்கினான், தேவையில்லாத கட்டங்களை எடுத்தான். கோழி வந்ததைப் பதிவு செய்யும் திரையில் “வந்தபோது வயது” என்று ஒரு கட்டம் இருந்தது. அதையும் எடுத்துவிட்டான். அவன் பார்த்த பண்ணைகள் எல்லாம் பெரியவை. அங்கே பொரித்து ஒரு நாள் ஆன குஞ்சுதான் வந்து இறங்கும், வயது கேட்க வேண்டியதில்லை. ஒரு ஷெட், இரண்டு ஷெட் வைத்திருப்பவர்கள் குஞ்சு வளர்க்க வசதியில்லாமல் வளர்ந்த கோழியாக வாங்குவார்கள். அவர்களுக்காகவே அண்ணன் முதல் வருடத்தில் போட்ட கட்டம் அது. கட்டம் போனதும், முட்டைக்கு நெருங்கிய கோழியைக்கூட மென்பொருள் நேற்றுப் பொரித்த குஞ்சாகக் கணக்கிட்டது. குஞ்சுக்குப் போடும் சொட்டு மருந்தை நினைவுபடுத்தியது. முட்டைக்கு வருமுன் போட வேண்டிய வெள்ளைக்கழிச்சல் ஊசியைப் பல வாரம் தள்ளி வைத்தது.

அந்தத் திருத்தத்தை நான் பார்த்தேன். ஏதோ காரணம் இருக்கும் என்று கடந்துபோனேன். அக்காவும் பார்த்திருக்கிறார். குழுவில் “வயசுக் கட்டம் காணோமே?” என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு போட்டார். ரிக்காரன் கட்டைவிரலைக் காட்டினான். அத்தோடு முடிந்தது.

பங்குனி பிறந்து கொஞ்ச நாளில், நாமக்கல்லுக்குக் கிழக்கே ஒரு பண்ணைக்காரர் அண்ணனைத்தான் கூப்பிட்டார். பொறுப்பு கைமாறியது எங்களுக்குத்தான் தெரியும். பண்ணைகளில் இருந்தது அவர் எண் மட்டுமே. அண்ணன் எங்களுக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். நானும் ரிக்காரனும் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது ஷெட்டில் சத்தமே இல்லை. கோழிப்பண்ணையில் சத்தம் இல்லாமல் நான் பார்த்ததில்லை. கூண்டுகள் காலி. கீழே சுண்ணாம்பு கொட்டியிருந்தது. பின்னால் பொக்லைன் தோண்டிய குழியை மூடி மண்ணை நிரவியிருந்தார்கள்.

“வெள்ளக்கழிச்சலுங்க,” என்றார் பண்ணைக்காரர். எங்கள் அப்பா வயது. சட்டை போடாமல், துண்டு மட்டும் தோளில். “மொத நாள் நாலஞ்சு. மக்கா நாளு கூடை கூடையா. அள்ளிக் கொட்டறதுக்கு ஆளு கெடைக்கலீங்க, நானும் என்ற சம்சாரமுந்தான் அள்ளுனோம்.”

“ஊசி?” என்று கேட்டார் அண்ணன். அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

“போன்ல நாளு காட்டுமில்லீங்க, அப்ப போட்டுக்கலாம்னு இருந்தனுங்க. காட்டவே இல்ல. குஞ்சு மருந்து காட்டுச்சு. எனக்கே சிரிப்பு, எந்தக் குஞ்சுக்குடா காட்டறேன்னு. ஆனா நீங்க பண்ணுனதாச்சே, தப்பா இருக்காதுன்னு…” ரிக்காரனைப் பார்த்து, “இந்தத் தம்பி யாருங்க? மொகமே செத்துப் போச்சு. டீ குடிக்கறீங்களா சாமி?” என்றார்.

ரிக்காரன் எழுந்து வெளியே போய்விட்டான்.

கால்நடை டாக்டரிடம் கேட்டோம். ஊசி போட்டிருந்தாலும் கொஞ்சம் போயிருக்கலாம், இத்தனை போயிருக்காது என்றார்.

மறுநாள் செவ்வாய்ப்பேட்டையில், அக்கா கடை மாடியில், வெல்ல மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். கீழே தள்ளுவண்டிக்காரரும் ஆட்டோக்காரரும் வழிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரிக்காரன்தான் ஆரம்பித்தான்.

“நான் தப்புப் பண்ணிட்டேன். சரி. ஆனா மூணு பேரும் பாத்திருக்கீங்க. ஒருத்தராச்சும் ‘ஏன்டா, என்னடா பண்ற’ன்னு கேக்கலாமில்ல?”

“நான் கேட்டேனே,” என்றார் அக்கா.

“சிரிச்சுக்கிட்டே கேட்டீங்க. நான் கிண்டல்னு நெனச்சேன்.”

“உன் முறைப்பா. அதுக்குமேல எப்படி கேக்கறது? நீ எம் முறையில ஒரு வார்த்தை கேட்டியா?”

“முறையாவது மண்ணாவது!”

அண்ணன் ஒரு மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். “நான் அன்னைக்கே பாத்துட்டேன்,” என்றார். “இத எடுக்காதடான்னு எழுதுனேன். அழிச்சேன். மறுபடி எழுதுனேன். அப்பறம், பாரு, இவன் ஒதுங்கறேன்னுட்டு ஒதுங்கமாட்டேங்கறான்னு நீங்க நெனப்பீங்கன்னு வுட்டுட்டேன்.”

கீழே சண்டையில் ஒருவன் இன்னொருவனின் தாத்தா வரைக்கும் போய்விட்டான். எங்களுக்கும் அப்படிச் சண்டை போட வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தெருவில் முன்பின் தெரியாதவர்களே ஒருவரையொருவர் அவ்வளவு கேள்வி கேட்கிறார்கள். நாங்கள் ஒருவர் முறையில் இன்னொருவர் வாயைத் திறக்காமல் இருந்ததைப் பண்பாடு என்று நினைத்திருந்தோம். கிணற்றில் அது சரி. இறைத்தது தவறானால் இறைத்தவர் வயல்தான் காயும். எங்கள் நிரல் தவறினால் காய்ந்தது யாரோ ஒருவருடைய ஷெட்.

அன்று மாலையே அண்ணன் எல்லாவற்றையும் தன் கைக்குத் திருப்பிக்கொண்டார். கட்டத்தைத் திரும்பப் போட்டார். அதைப் பயன்படுத்தும் சின்னப் பண்ணைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, ஊசி நாளைச் சரிபார்க்கச் சொன்னார். நாங்கள் பாதியைப் பிரித்துக்கொள்கிறோம் என்றோம். “வேணாம்” என்ற ஒரு வார்த்தைதான் வந்தது. ரிக்காரன் வண்டியோடு ஒடிசா போய்விட்டான். அங்கே சிக்னல் இல்லை என்றான். நான் நம்பவில்லை.

அடுத்த சித்திரையில் அண்ணனுக்கு மறுபடி வந்தது. இந்த முறை வாய் இல்லை, இடது கை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் பார்க்கப் போனேன். மடியில் மடிக்கணினி, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன், வலது கையால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். இடது கை தலையணைமேல், வேறு யாருடையதோ போலக் கிடந்தது. போனில் யாரோ தீவனத்தைப் பற்றிக் கேட்க, நிதானமாகப் பதில் சொன்னார். வார்த்தைகள் கொஞ்சம் இழுத்தன.

அண்ணி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். “உங்க முறையெல்லாம் முடிஞ்சுதுங்களா தம்பி?” என்றார். “இப்ப எங்க முறை நடக்குது.”

சொம்பை வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு நானும் அக்காவும் தினமும் பேசினோம். முதலில் ஒருவரையொருவர் குறை சொன்னோம். ஒரு வாரம் அதிலேயே போயிற்று; அதுவே நல்லதென்று பிறகு தோன்றியது. ரிக்காரனுக்குத் திரும்பத் திரும்ப எழுதினேன். ஒருநாள் பதில் வந்தது: “நான் இனி பொறுப்பு எடுக்க மாட்டேன். ஆனா யாரு என்ன மாத்துனாலும் கேள்வி கேப்பேன். நாக்கப் புடுங்கற மாதிரி கேப்பேன். சம்மதம்னா வாரேன்.” சம்மதம் என்றேன்.

விதிகளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறோம். இனி முறை ஒருவருக்கு இல்லை, இருவருக்கு. பழையவர் உடனே விலகாமல் ஒரு மாதம் கூட இருந்து சண்டை போட வேண்டும். எந்தத் திருத்தமும், இன்னொருவர் அதை உருப்படியாக எதிர்த்துக் கேட்டு, அதற்குப் பதில் வந்தபிறகுதான் உள்ளே போகும். கட்டைவிரலைக் காட்டினால் பதிலாகாது. கிழக்கே இருக்கிற பண்ணைக்காரரிடமும் போய், புதிதாக எது செய்தாலும் முதலில் உங்களிடம் காட்டலாமா என்று கேட்டோம். அவர் ஷெட்டை லீசுக்கு விடப்போவதாக மட்டும் சொன்னார்.

இது நடக்குமா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் தருவாரா என்பதே தெரியாது. ஒரு தடவை எங்களை நம்பிக் கொடுத்துவிட்டு அவர் பார்த்தது அந்தக் காலி ஷெட்டைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் நாமக்கல் போகிறோம். ரிக்காரன் ஒடிசாவிலிருந்து வந்துவிட்டான். அண்ணியிடம் மட்டும் சொல்லியிருக்கிறோம். நிரலைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலில் அண்ணன் போனைத்தான் கேட்கப் போகிறோம். கொடுத்தால், அன்றைக்கு வருகிற அழைப்புகளை எல்லாம் அந்த அறையிலேயே, அவர் காதில் விழும்படி, நாங்கள் எடுப்போம். தப்பாகச் சொன்னால் அவர் அங்கேயே திட்டட்டும்.