ஆளுக்கொரு திறப்பு

இரவுக் காவலாளிக்குச் சொத்தென்று இருப்பது ஒரு டோச் லைற்றும் ஒரு திறப்புக்கோர்வையும்தான். வாழைச்சேனை ஐஸ் தொழிற்சாலையில் பத்துப் பூட்டுக்குப் பத்துத் திறப்பு வைத்திருந்த என்னை அந்தக் கோர்வைதான் வைத்தியனாக்கியது. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது ஊர் நம்பிக்கை. இரும்பு அதிகம் வைத்திருந்தவன் நான். ஆள் விழுந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தெரியாத வேலைக்குக் கூப்பிடப்பட்டு முழித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

சோடா

சுனாமி வந்த காலை, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஓடி ஒரு மேட்டில் ஏறினேன். வலை பின்னுகிற அருளப்பண்ணனை நாலு பேர் தூக்கி வந்து கிடத்தினார்கள். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. மயக்கத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சோடா. யாரோ நீட்டிய போத்தலை அவர் வாயில் சரித்தேன். பக்கத்தில் நின்ற தாதி என் கையில் ஓங்கி அடித்தாள். "மயங்கின ஆளுக்கு ஊத்தினா நெஞ்சுக்குள்ளதான் போகும். தெரியாட்டி கையக் கட்டிக்கொண்டு நில்லுங்க!"

அவரைப் பக்கவாட்டில் சரித்தாள். வாயால் கடல் வந்தது, பிறகு இருமல். அந்த மேட்டில் கிடத்தியவர்களில் பலர் இருமவேயில்லை. அன்றிலிருந்து இரவில் விழித்திருப்பது எனக்குச் சம்பளத்துக்காக மட்டுமல்ல.

மூன்றாம் நாள் என்னைக் கண்டதும் அருளப்பண்ணன் கேட்டார்: "கடல் குடிச்சது காணாதெண்டா தம்பி, சோடாவும் தந்த நீ?"

சுடுதண்ணி

நிவாரணப் பொதி ஒன்றுக்குள் முதலுதவிக் கையேடு ஒன்று கிடந்தது. மட்டை கழலும்வரை படித்தேன். உமி மூட்டையை ஆளாக நினைத்துச் சரித்துச் சரித்துப் பழகினேன்.

ஒரு விடியலில் தோணிக்காரர் ஒருவரின் காலில் திருக்கை முள் ஏறிவிட்டது. ஐஸ் மலைபோலக் குவிந்திருக்க, நான் கையேட்டில் இருந்தபடி அவர் காலைத் தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் வைத்தேன். எனக்குப் பைத்தியம் என்றார்கள். வலி தணிந்து அவர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது, ஐஸ் ஏற்ற வந்த ஓட்டமாவடி லொறிக்கார முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், தலையைச் சொறிந்தார்: "ஐஸ் கொம்பனிக்குள்ள நிண்டு சுடுதண்ணி காய்ச்சினா, மொதலாளி உங்கள உட்டுவைப்பாரா?"

திறப்பு

யுத்தம் முடிந்து, வன்னிப் பக்க முள்வேலி முகாமிலிருந்து விடுபட்டு வந்த யோகம் என்ற பெண், மாமியோடு தங்கி எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தாள். தனக்கு வலிப்பு இருப்பதை என்னிடம் மட்டும் சொன்னாள். மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் வேலை போகும். அவள் உழைப்பில்தான் தம்பிமார் இருவர் பள்ளிக்கூடம் போனார்கள்.

ஒரு பின்னேரம், நான் வேலைக்கு வந்த கையோடு, மீன் பெட்டிகளுக்கு நடுவே விழுந்தாள். "திறப்பு! திறப்பக் கொண்டாங்க!" என்று எல்லோரும் கத்தினார்கள். இரண்டு பேர் அவள் கைகால்களை அமுக்கினார்கள். மேற்பார்வையாளர் என் கோர்வையைப் பறித்து, பற்களுக்கிடையே ஒரு திறப்பை நுழைக்கப் போனார். கையேட்டில் "செய்யாதீர்கள்" என்று போட்டிருந்த அத்தனையும் வரிசையாக நடந்தது. வேண்டாம் என்றால் கேட்பார்களா? கோர்வையைத் திருப்பிப் பிடுங்கி, திறப்புகளைக் கழற்றி நீட்டினேன். "ஆளுக்கொரு திறப்பு! இறுக்கிப் பிடியுங்க. பத்தடி தள்ளி நிண்டு பிடிச்சாத்தான் வேலை செய்யும்!"

விலகினார்கள். பெட்டிகளைத் தள்ளி, தலைக்கடியில் சாக்கை மடித்து வைத்து, மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். இரண்டு நிமிடத்தில் துடிப்பு அடங்கியது. உமி மூட்டையைப் போலவே பக்கவாட்டில் சரித்தேன். மூச்சு சீராக வந்தது. பெரிய கேற்றின் திறப்பை நெஞ்சோடு அணைத்து நின்ற மேற்பார்வையாளர், "இவள இனி மெஷின் பக்கம் விடாத. பெட்டி மூடுற வேலைக்கு மாத்துவம்" என்றார்.

நினைவு தெளிந்து கண் திறந்த யோகம் சுற்றிவர நின்றவர்களைப் பார்த்தாள். "என்னண்ணை, இப்பதானே முகாமால விட்டவங்கள். நீங்களும் திறப்போட நிக்கிறியள், திரும்பப் பூட்டப்போறியளோ?"

கையேடு சொல்லாமல் விட்ட முதல் விதி இதுதான்: விழுந்தவரைத் தொடுமுன், நிற்பவர்களின் கைக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள்.