ஒரே மாதிரி இரண்டு பாட்டில்

மூக்குத் தச்சர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். அவர் பட்டறை அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள் இருக்கும். பெரிய டப்பாக்களிலிருந்து ஊற்றி வைத்த பசை, இரண்டுமே வெள்ளை. ஒன்று நாற்காலி, கட்டில் என்று வீட்டுக்குள் கிடக்கும் சாமான்களுக்கு. மற்றது தண்ணீரில் நனையும் மரத்துக்கு. அதைத் திறந்தால் சுருக்கென்று மூக்கில் ஏறும். ஒரு சீட்டு எழுதி ஒட்டக் கூடாதா என்று மனைவி இருபது வருடமாகக் கேட்கிறாள். மூக்கு இருக்கும்போது சீட்டு எதற்கு என்பார் அவர்.

போன மாதம் வந்த காய்ச்சல் நான்கே நாளில் போய்விட்டது. போகும்போது மோப்பத்தையும் கொண்டுபோய்விட்டது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அடிபிடித்த சாப்பாட்டை அவர் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டு எழுந்ததைப் பார்த்து, "உங்கப்பாவுக்கு இப்பதான் நல்ல புத்தி வந்திருக்கு" என்று மனைவி மகளிடம் சொல்லிச் சிரித்தாள்.

மருமகன் ஆற்றில் படகு விட்டு ஆட்களை அக்கரை சேர்ப்பவர். அவருடைய துடுப்பு உடைந்ததும், புதிது நான் செய்து தருகிறேன் என்று இவர் ஏற்றுக்கொண்டார். நீளத் தண்டின் நுனியில் இரண்டு பக்கமும் மெல்லிய பலகை ஒட்ட வேண்டும். ஆணி இறங்கினால் பலகை பிளந்துவிடும். பசையை நம்பித்தான் எல்லாம்.

ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். ஒன்றுமில்லை. அடுத்ததை முகர்ந்தார். அதிலும் ஒன்றுமில்லை. மனைவியைக் கூப்பிட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். கூப்பிட வாய் வரவில்லை. தண்ணீர்ப் பசை எப்போதும் இடது பக்கம்தானே என்று அதையே எடுத்தார். இரண்டு நாள் முன்பு அவள் பாட்டில்களை இறக்கி வைத்து அலமாரியைத் துடைத்தது அவர் நினைவுக்கு வரவில்லை. ஒட்டி, இறுக்கிக் கட்டி, காயவிட்டு, மேலே வார்னிஷும் அடித்தார். இணைப்பில் மயிரிழை இடைவெளி இல்லை.

இன்று விடிந்ததும் மருமகன் வந்து துடுப்பை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து, பசை காய்ந்து கிடந்த கிண்ணத்தை மனைவி கழுவ எடுத்தாள். இரவே தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள்.

"என்னங்க, தண்ணிப் பசைன்னா கத்தி வச்சு சுரண்டினாலும் வராது. இன்னைக்குப் பால் மாதிரி கரைஞ்சு வருதே."

அவர் எட்டிப் பார்த்தார். பிறகு செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

படகு நடு ஆற்றில் இருந்தது. ஏழெட்டுத் தலைகள், நடுவில் பள்ளிக்கூடம் போகும் பேத்தியின் மஞ்சள் பை. தண்ணீரில் விழுந்துவிடும் என்று மருமகன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர். இவர் இரண்டு கையையும் தலைக்குமேல் ஆட்டினார். திரும்பி வா, திரும்பி வா என்று கத்தினார். எதிர்க்காற்று வார்த்தைகளை இவர் வாயிலேயே திருப்பி அடைத்தது. பேத்திதான் முதலில் பார்த்துக் கை ஆட்டினாள்.

மருமகனும் திரும்பினார். அவர் குரல் மட்டும் காற்றோடு தெளிவாக வந்தது.

"மாமா, வெண்ணெயில கத்தி எறங்குற மாதிரி போகுது!"

மாமனார் பார்க்கட்டும் என்று துடுப்பை உயரத் தூக்கிக் காட்டினார். வார்னிஷ் வெயிலில் மின்னியது. இவர் கழுத்துவரை தண்ணீரில் இறங்கினாலும் எட்டாத தூரம். மருமகன் துடுப்பை இறக்கி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டு வலித்தார்.