கல்யாண மண்டபத்து வாழைமரங்கள் எங்கே போகின்றன?

வாழைத் தோட்டம் பார்க்கவென்று பயணம் போகும் ஆள் நான் இல்லை. ஆனி முதல் வாரத்தில் மரகதம் போனில் அழுதாள். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். அவள் அழுது நான் கேட்டதே இல்லை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, கொழிஞ்சாம்பாறை பக்கம் குத்தகை நிலத்தில் எண்ணூறு நேந்திரன் வாழை வைத்திருக்கிறாள். அவளுடைய முதல் வெள்ளாமை. ஓணத்துக்கு வெட்ட வேண்டிய தாரோடு மரங்கள் நடுவில் முறிந்து விழுந்துகொண்டிருந்தன.

கோவை உக்கடத்தில் காலை 6.15க்குப் பொள்ளாச்சி பஸ், அங்கிருந்து 7.40க்குக் கொழிஞ்சாம்பாறை பஸ். இரண்டும் சேர்த்து எழுபத்திரண்டு ரூபாய். கேரள எல்லை தாண்டியதும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அறையும். ஜன்னலோரம் உட்காருபவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு ஆட்டோ மூன்று கிலோமீட்டர், அறுபது ரூபாய்.

"வாழை பாக்கவாங்க? எல்லாம் காத்துல போச்சுங்க. இந்த வருசம் காத்து அப்புடி" என்றார் ஆட்டோக்காரர்.

ஊரே அதைத்தான் சொன்னது. சேதம் பார்க்க வந்த அலுவலர் பைக்கை விட்டு இறங்காமலே 'காற்று' என்று எழுதிக்கொண்டு போனாராம். மரகதமும் காற்றுக்குப் பயந்து மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருந்தாள். ஆனால் அவளுக்கு ஒரு சந்தேகம். "காத்துன்னா எல்லாம் ஒரே பக்கமாத்தான புள்ள விழோணும்? இதென்ன திசைக்கொண்ணாக் கெடக்குது? அந்த ஆளுகிட்டச் சொன்னா, 'டீச்சர் கணக்குப் போடறாங்க'ன்னு சிரிக்கறான்."

விழுந்த மரத்தில் இரண்டடித் துண்டை வெட்டி உரச்சாக்கில் போட்டுக்கொண்டு, பாலக்காடு தாண்டி ஒரு வாழை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கிளம்பினோம். இரண்டு பஸ், இரண்டரை மணி நேரம். அங்கிருந்த ஆராய்ச்சியாளர் இளம் மலையாளப் பெண். சாக்கைப் பார்த்ததும் முதலில் திட்டு விழுந்தது. பூச்சி விழுந்த மரத்தை இப்படித் திறந்த சாக்கில் ஊர் ஊராகக் கொண்டு வரக்கூடாதாம். பிறகு கத்தி எடுத்துத் தண்டை நீளவாக்கில் பிளந்தார். உள்ளே அங்குலத்துக்கு அங்குலம் சுரங்கம். வெள்ளைப் புழுக்கள். நடுவில் மூக்கு நீண்ட ஒரு கறுப்பு வண்டு.

"தண்டுக் கூன்வண்டு. காத்து கடைசியில வந்து தள்ளினதுதான், சேச்சி. கொன்னது இதாக்கும்" என்றார். உடனே கேட்டார்: "பக்கத்துல எங்கயாவது வெட்டின வாழை கெடக்குதா?"

வெட்டிய தண்டின் வாசனைக்கு இந்த வண்டு தேடி வருமாம். தண்டு முழுதாகக் கிடந்தால் அதில் பெருகி, பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். அதையே இரண்டாகப் பிளந்து கவிழ்த்து வைத்தால், வந்து ஒளியும் வண்டுகளைப் பொறுக்கிக் கொல்லலாம், அதுவே பொறி.

மரகதம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில்தான் அவளுக்குப் பிடிபட்டது. "மண்டபம்."

அவள் தோட்டத்தின் கிழக்கு வேலியை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் முடிந்ததும் வாசலில் கட்டிய வாழைமரங்களை வேலிக்கு மேலே இந்தப் பக்கம் போட்டுவிடுவார்கள். மாலை நாலரைக்குப் போய்ப் பார்த்தோம். குவியல் என் இடுப்பு உயரம். அடியில் கிடந்தவை பழைய மரங்கள்.

மண்டப மேலாளரை வரச் சொன்னோம். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். பிளந்து காயப்போடுங்கள் என்றதும் அதிர்ந்துபோனார்.

"ஏனுங்க்கா, மங்களத்துக்குக் கட்டுன மரம். அதைப் போயிப் பொளக்கச் சொல்றீங்களே, கல்யாண ஊட்டுக்காரங்க காதுக்குப் போனா என்னாகறது? மரியாதையா அந்தப் பக்கம் வெக்கறமுங்க."

"எங்காட்டுக்குள்ள வீசறதுக்குப் பேரு மரியாதைங்களா? உங்க ஆபீஸ் ரூமுக்குள்ள நட்டு வெக்கறேன், அங்க பண்ணுங்க மரியாதை."

"காத்துக்கு விழுந்ததுக்கு மண்டபம் என்னங்க்கா பண்ணும்?"

மரகதம் அரிவாளை எடுத்தாள். அடியில் கிடந்த ஒரு மரத்தை இழுத்து அவர் காலடியில் போட்டுப் பிளந்தாள். புழுக்கள் அவர் செருப்புப் பக்கம் உருண்டன. அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்.

"இது காத்துங்களா?"

அன்று முடிவானது இவ்வளவுதான்: இனி எறிய மாட்டார்கள், ஆனால் பிளக்கவும் மாட்டார்கள். வேண்டுமென்றால் அவளே வந்து எடுத்துக்கொள்ளலாம். ஆக, ஊர்க் கல்யாணம் முடியும் ஒவ்வொரு மத்தியானமும் பின்வாசலில் அரிவாளோடு நிற்பது அவள் வேலையாகிவிட்டது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மரத்தின் மனம் புண்படக்கூடாது என்று அவ்வளவு பதறுகிறவர்களுக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் அதே மரத்தை வளர்த்துப் பிழைப்பவள் கண்ணில் படவில்லை. பைக்கை விட்டு இறங்கக்கூட ஒருவருக்கு மனமில்லை.

இதே பிரச்சினையோடு கிளம்புகிறவர்களுக்கு: ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன் செய்துவிட்டு, காலையிலேயே போய்விடுங்கள். தண்டை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் கொண்டு போங்கள். நிற்கும் மரத்தில் பிசின் போல வடிந்திருந்தால், விழும்வரை காத்திருக்காதீர்கள். மண்டபம் பிடிப்பவர்கள் முன்பணம் கொடுக்கும்போதே மரம் பிறகு எங்கே போகும் என்று கேளுங்கள்.

நேற்று மரகதம் பேசினாள். இன்னும் பதினொன்று சாய்ந்திருக்கின்றன. முன்பே உள்ளே போய்விட்ட புழு. அந்த மரங்களுக்கு இனி செய்ய ஒன்றுமில்லை. மற்றவை ஓணம் வரை நிற்குமா என்று அவளுக்கும் தெரியாது.

போன தை மாதம் இதே மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய், இதே வலைப்பூவில் படம் போட்டிருந்தேன். வாசலில் இடதுபக்க வாழைமரத்தில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அன்று மொய் எழுதினேன். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். மரத்தைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.