காபி இல்லாமல் சும்மா படுத்திருக்க பொம்மனஹள்ளியிலிருந்து ஒரு பயணம்

2008 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் மனைவி சாந்தாவும் பொம்மனஹள்ளியிலிருந்து விவேக் நகர்ப் பக்கம் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். தூரம் எட்டு கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். ஓசூர் ரோட்டில் மேம்பாலம் கட்டுகிற காலத்தில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்துக்குக் கிருஷ்ணகிரிக்கே போயிருக்கலாம்.

போன காரணம் எங்கள் மாடிவீட்டு மலர்விழி. மூளையைப் பற்றிப் பெரிய படிப்பு படிக்கிற பெண். மனிதன் ஒரு வேலையும் செய்யாமல் சும்மா படுத்திருக்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது, காபி உள்ளே போனால் அது எப்படி மாறுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஸ்கேன் மெஷினை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவளுக்கு விடுவார்கள். அந்த ஞாயிறோடு அதுவும் முடிகிறது. இன்னும் ஒரே ஒரு ஆளின் படம் பாக்கி. வருவதாக ஒப்புக்கொண்டவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் வரை மெஷினுக்குக் காத்திருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, நீங்க நிறைய காபி குடிப்பீங்கதானே?"

"உங்க அத்தை காதுல விழற மாதிரி கேக்காதே. ஏன், வாங்கித் தரப் போறியா?"

"நாளைக்குக் காலையிலேர்ந்து ஒரு சொட்டு குடிக்கக் கூடாது. டீ, கோலா எதுவும் கூடாது. ஞாயித்துக்கிழமை மெஷினுக்குள்ள கண்ணைத் திறந்துகிட்டு சும்மா படுத்திருக்கணும். தூங்கிடக் கூடாது."

"சும்மா இருக்கணும், அவ்வளவுதானே? அதுக்குன்னே பொறந்தவன்மா நான்."

"அது மட்டும் நிஜம்," என்றாள் சாந்தா அடுப்படியிலிருந்து.

நான் ஹெப்பகோடியில் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். ஷிஃப்டு ஆட்களை ஏற்றி இறக்குவதற்குள் கண் செருகிக்கொண்டு வரும். காபிதான் தாங்கிப் பிடிக்கும். சாந்தா கார்மெண்ட்ஸில் தையல் மெஷின். எங்கள் இருவருக்கும் எங்கே போனாலும் பைடூதான். பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு: ஒரு காபி கேட்டால் இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொடுப்பார்கள். வீட்டிலும் அதே பழக்கம்.

சனிக்கிழமை மத்தியானம் வரை வீரமாக இருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு பொட்டிலும் யாரோ ஆணி அடிக்க ஆரம்பித்தார்கள். ஞாயிறு காலை எட்டரைக்கு பஸ் ஏறும்போது முதுகு, கண், தாடை எல்லாம் சோர்ந்துவிட்டது. டிக்கெட் ஆளுக்கு ஏழு ரூபாய். சில்க் போர்டு வரும்போதே ஒன்பதேகால். தோண்டிய மண், நகராத லாரி, ஹாரன் சத்தம். சாந்தா கம்பியைப் பிடித்தபடியே தூங்கினாள். அவளுக்கு அது வரம். நின்றாலும் தூங்குவாள், படுத்தால் கேட்கவே வேண்டாம்.

நான் முனகியது காதில் விழுந்து கண்ணைத் திறந்தாள். பர்ஸிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள்.

"இந்தாங்க, தலைவலி மாத்திரை. வாயில போட்டுக்குங்க. பாக்கவே சகிக்கல."

"பொண்டாட்டின்னா நீதான்டி," என்று தண்ணீர் இல்லாமலே விழுங்கினேன். பத்து மணிக்குத் தலையும் தேவலை, பஸ்ஸும் ஆடுகோடி வந்து சேர்ந்தது.

அங்கிருந்து ஆட்டோ. மீட்டர் போடச் சொன்னேன். "மீட்டரு போடலாம் சார், ரோடு எங்க இருக்குது போடறதுக்கு? எல்லாம் தோண்டிட்டாங்க. நாப்பது குடுங்க," என்றார் டிரைவர். நானும் டிரைவர்தான் என்றேன். "அப்ப உங்களுக்கே தெரியும், அம்பதுன்னு கேட்டிருக்கணும்," என்றார். நாற்பது கொடுத்தேன்.

மலர் வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே உட்காரவைத்து வரிசையாகக் கேட்டாள். காபி? இல்லை. டீ? இல்லை. சாக்லேட்? நான் என்ன குழந்தையா. வேறு ஏதாவது சாப்பிட்டீர்களா? "ஒரே ஒரு தலைவலி மாத்திரைதான்," என்றேன் சிரித்துக்கொண்டே.

அவள் சிரிக்கவில்லை. "எந்த மாத்திரை மாமா?"

சாந்தா பர்ஸிலிருந்து காலி அட்டையை எடுத்தாள். காலி அட்டையை அவள் எறியமாட்டாள். மெடிக்கலில் அதைக் காட்டினால்தானே அதே மாத்திரை கொடுப்பார்கள். மலர் அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுல காஃபின் இருக்கு மாமா. காபியில இருக்கிற அதே சரக்கு. காபியை நிறுத்தினதாலதான் உங்களுக்குத் தலைவலியே வந்துச்சு. அதையே மாத்திரையாப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்க முடியாமல் சுவரில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன். நான் கொடுத்ததுதானே என்று சாந்தா முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

மலர் தலையைத் தூக்கினாள். "அத்தை, நீங்க நேத்தும் இன்னிக்கும் காபி குடிச்சீங்களா?"

"எங்கே? இவர் குடிக்கல. ஒரு ஆளுக்காக எதுக்குப் பால் காய்ச்சறதுன்னு விட்டுட்டேன்."

"டீ?"

"கம்பெனி டீயா? கழனித் தண்ணி. நான் வாயிலயே வைக்க மாட்டேன்."

"உங்களுக்குத் தலை வலிக்கலையா?"

"நேத்திலேர்ந்து வலிக்குது."

"அப்ப நீங்க மாத்திரை போடலையா?"

"அட்டையில இருந்ததே ஒண்ணுதான்," என்றாள் சாந்தா.

மலர் பெரிய டாக்டரிடம் ஓடிப்போய்க் கேட்டு வந்தாள். காபி பழக்கம் உள்ளவர், உடம்புக்குள் இரும்பு எதுவும் இல்லாதவர், ஆணானாலும் பெண்ணானாலும் சரியாம். ஒப்புதல் தாளைத் தமிழில் வாசித்துக் காட்டி, "கட்டாயம் இல்லை அத்தை, பயமா இருந்தா வேண்டாம்," என்றாள். சாந்தா கையெழுத்துப் போட்டாள்.

அந்த மெஷின் காந்தம். உலோகம் ஒன்றும் கூடாது. செயினும் தோடும் என் சட்டைப்பைக்கு வந்தன. மெட்டி மட்டும் விரலை விட்டு வரமாட்டேன் என்றது. பாத்ரூம் சோப்பைக் குழைத்து நான் இழுத்தேன். "மெதுவா! விரலைக் கழட்டிடாதீங்க," என்று கத்தினாள். "விரல் போனா மிஞ்சிப்போனா செருப்பு பெரிசாத் தெரியும், அவ்வளவுதானே," என்றேன். பாதி நாள் கழித்து அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம்.

அவள் உள்ளே போனதும்தான் எனக்கு உறைத்தது. பஸ் கம்பியில் தூங்குகிற பெண்பிள்ளையை மெத்தையில் படுக்கவைத்து, போர்வை போர்த்தி, தூங்காதே என்றால் நடக்கிற காரியமா? தூங்கிவிட்டால் படம் செல்லாது. கதவுக்குப் பின்னால் கட்டை அடிக்கிற மாதிரி டக் டக்கென்று சத்தம். பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டேன்.

மலர் எட்டிப் பார்த்து, "முழிச்சிக்கிட்டேதான் இருந்தாங்க மாமா, முழுக்க!" என்றாள்.

பின்னாலேயே வந்த சாந்தாவிடம், "எப்படிடி?" என்று கேட்டேன்.

"படுத்துக்கிட்டு ஒண்ணும் செய்யாதேன்னு இதுவரைக்கும் யாராவது என்கிட்ட சொல்லியிருக்காங்களா? தூங்கிட்டா அது தெரியாமலே போயிடுமே. அதான் தூங்கல."

அதற்குப் பிறகு காஃபின் மாத்திரை கொடுத்து, அது ஏறும்வரை உட்காரவைத்து, மறுபடி உள்ளே அனுப்பினார்கள். தலைவலி போய்விட்டது, ஆனால் இந்தத் தடவை ரேஷன், நனைத்து வைத்த துணி எல்லாம் மண்டைக்குள் வந்துவிட்டது என்றாள் சாந்தா. மலர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்: நாம் சும்மா இருந்தாலும் மூளை சும்மா இருக்காது. அங்கங்கே இருக்கிற பகுதிகள் சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். காபி மூளைக்குப் போகிற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், சில இடங்களில் அந்தச் சேர்ந்தாட்டமும் தளரும். ஒருவர் படத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாதாம். நிறையப் பேரைச் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம்.

இது போலப் போக நினைப்பவர்களுக்கு: காபியை நிறுத்தினால் தலை வலிக்கும், அதற்குத் தயாராகப் போங்கள். எந்த மாத்திரையானாலும் அவர்களைக் கேட்காமல் போடாதீர்கள். மெட்டியை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். சில்க் போர்டுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். திரும்பி வர எங்களுக்கு மாலை ஐந்தாகிவிட்டது. மறுநாள் இருவருக்கும் வேலை.

அந்த வாரமே மலர் இனிப்போடு இறங்கி வந்தாள். படம் நன்றாக வந்திருக்கிறதாம், கணக்கில் சேர்த்தாயிற்றாம்.

"மறுபடியும் யாராவது வேணுமாம்மா?" என்று கேட்டாள் சாந்தா.

"வேண்டாம் அத்தை. உங்களோட முடிஞ்சிடுச்சு."

"அப்படியா," என்று சொல்லிவிட்டு, சாந்தா ஈரத்துணி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள்.